அக்கா, நீங்க எந்தக் கிழமை?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் பால்குடம் எடுப்பது பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, பேச்சுவாக்கில், டீக்கடையில் போ ச்சா தவிர வேறு எதையும் நான் வாங்குவதில்லை என்று ஒரு வரி போட்டிருந்தேன். இந்த மாதம் மேசை நிறைய வந்திருக்கும் கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். டீயில் தொடங்கி, எந்தக் கிழமையில் பிறந்தீர்கள், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், எதைக் கேட்டால் கோபம் வரும் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். இத்தனை வருடம் உங்கள் பிள்ளைகளின் படிப்பையும் மாமியார் சண்டையையும் பேசிய இந்தப் பக்கத்தில் என்னைப் பற்றி யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டது ரொம்பச் சந்தோஷம். இந்த முறை முழுக்க அதற்கே.

*

அக்கா, நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒரு வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன். டீக்கடையில் என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் பக்கத்து மேசையைக் கை காட்டித்தான் வாங்குகிறேன். போ ச்சா என்றால் என்ன? ஏன் அது மட்டும்?
– ரங்கூன் வாசகர்

தம்பி, இங்கே வெறுமனே டீ என்று கேட்டால் பையன் நின்று முகத்தைப் பார்ப்பான். தூளை நெடுநேரம் கொதிக்கவிட்டு எடுத்த கெட்டிச் சாயம், இனிப்பான டின் பால், இனிப்பில்லாத டின் பால், இந்த மூன்றும் எந்த அளவில் சேர வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். ச்சோ என்றால் இனிப்பு, போ என்றால் இனிப்புக் கம்மி, ச்சா என்றால் சாயம் தூக்கல், செயின் என்றால் பால் தூக்கல். இந்த நாலு சொல்லை இரண்டு இரண்டாகச் சேர்த்தால் போதும். ச்சோ செயின் பாயசம் மாதிரி இருக்கும், ச்சா செயின் சாயமும் பாலும் சரிக்குச் சரி, போ ச்சா இனிப்பு அடங்கி நாக்கைப் பிடிக்கும். மேசை மேல் பிளாஸ்கில் இருக்கும் பச்சைத் தேயிலைத் தண்ணீருக்குக் காசு கிடையாது, எத்தனை கோப்பை வேண்டுமானாலும் ஊற்றிக் குடியுங்கள், புதிதாக வருகிறவர்கள் பில்லில் ஏறிவிடும் என்று தொடாமலேயே எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். பையனைக் கூப்பிட இங்கே உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பது போல ஒரு சத்தம் எழுப்புவார்கள், அது மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் நான் "தம்பி" என்றுதான் கூப்பிடுவேன், எங்கள் தெருமுனைக் கடையில் வேலை பார்க்கும் பர்மியப் பையன்களுக்கு அந்தச் சொல் பழகிவிட்டது.

ஏன் போ ச்சா என்றால், அப்பா குடித்தது அது. எனக்கு ஆறு ஏழு வயதிருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை மட்டும் கூட்டிப் போவார். குட்டி ஸ்டூலில் உட்காரவைத்து, கோப்பையிலிருந்து சாசரில் பாதியை ஊற்றி, ஓரத்தில் ஊதி ஆற்றி என் பக்கம் தள்ளுவார். அந்தக் கசப்பு அந்த வயதில் எனக்குப் பிடிக்கவில்லைதான், ஆனால் எனக்கு என்று ஊற்றிக் கொடுத்ததால் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிடுவேன். இப்போதும் முதல் பாதியை சாசரில் ஊற்றித்தான் குடிக்கிறேன், கூட வருகிறவர்கள் என்ன நினைத்தாலும் சரி.

*

அக்கா, நீங்க எந்தக் கிழமை? என் பர்மியத் தோழிகள் பழகியதும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். நம் வீட்டில் கேட்டால் நட்சத்திரம் சொல்கிறார்கள், கிழமை யாருக்கும் ஞாபகம் இல்லை.
– மோல்மேன் வாசகி

புதன்கிழமை, நண்பகலுக்குப் பின். இது ஒரு தனிக் கிழமை என்று உங்கள் தோழிகள் சொல்லியிருப்பார்கள். பர்மியக் கணக்கில் வாரத்துக்கு எட்டுக் கிழமை, புதனை இரண்டாக வெட்டி, முற்பகலுக்குத் தந்தமுள்ள யானை, பிற்பகலுக்குத் தந்தமில்லாத யானை. அந்தப் பிற்பகலுக்குப் பெயரே ராகு. திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், வியாழனுக்கு எலி, வெள்ளிக்கு கினிப்பன்றி, சனிக்கு நாகம், ஞாயிறுக்குக் கருடன். ரங்கூன் ஷ்வேடகோன் பகோடாவைச் சுற்றி எட்டுத் திக்கிலும் இவற்றுக்கு இடம் உண்டு, அவரவர் தங்கள் கிழமை மூலையில் போய்த் தண்ணீர் ஊற்றுவார்கள். என் மூலை வடமேற்கு. நம் பிள்ளைகளும் தோழிகளோடு போய் ஊற்றுகிறார்கள், நானும் ஊற்றியிருக்கிறேன், நம் கோயில்களில் நவக்கிரகம் சுற்றி வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

ஆனால் எங்கள் வீட்டில் இது ஒரு பெரிய வழக்கு. நான் வீட்டிலேயே பிறந்தவள். அப்பா தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினொன்றே முக்கால் என்று எழுதி வைத்திருந்தார். அப்படியானால் நான் முற்பகல், தந்தம் உள்ள யானை. அம்மா அதை ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. "நீ அழுததுக்கு முன்னாடி சோலியா பள்ளிவாசல்ல லுஹர் பாங்கு சொல்லி முடிச்சிட்டாங்க, எனக்குக் காதுல விழுந்துச்சு" என்பாள். உச்சிப் பொழுது சாய்ந்த பிறகுதான் அந்த பாங்கு, அதனால் அம்மா சொல்வதுதான் சரியாக இருக்க முடியும். வலியில் கிடந்தவளுக்கு அது எப்படிக் கேட்டது என்று அப்பா சிரிப்பார். அப்பாவின் கடிகாரத்தை விட அம்மாவின் காதைத்தான் நான் நம்புகிறேன். நட்சத்திரம் இரண்டு கணக்கிலும் அவிட்டம்தான், அதில் சண்டை இல்லை.

*

உங்களுக்கு பர்மியப் பெயர் உண்டா? அதைச் சொல்வதா, தமிழ்ப் பெயரைச் சொல்வதா என்று எனக்கு எப்போதும் குழப்பம்.
– தட்டோன் வாசகர்

உண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியாரம்மா வைத்தது யீ யீ. பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது, கிழமைக்குத் தக்கபடி முதல் எழுத்துப் பார்த்து வைப்பார்கள், ராகுவுக்கு ய, ர. அடையாள அட்டையில் அந்தப் பெயர், அர்ச்சனைச் சீட்டில் தமிழ்ப் பெயர், வீட்டில் பாப்பா. மூன்றும் நான்தான், எதைச் சொன்னாலும் பொய் இல்லை, நீங்களும் குழம்ப வேண்டாம்.

பெயரை விட அதற்கு முன்னால் ஒட்டும் சொல்லைத்தான் நான் கவனிப்பேன். சின்ன வயதுப் பெண்ணுக்கு மா, வயதில் பெரியவளுக்கு டோ. இவ்வளவு வயதானால் மாற்ற வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை, ஊர் பார்த்து மாற்றும். காய்கறிச் சந்தையில் பச்சை மிளகாய் விற்கிற பெண் ஒரு நாள் சில்லறையை நீட்டிக்கொண்டே என்னை டோ யீ யீ என்று கூப்பிட்டாள். கூடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். முதல் நாள் வரை மா யீ யீ என்றவள். எனக்கு அன்றைக்கு நாற்பத்தாறு வயது. வருத்தம் இல்லை, ஒரு வகுப்பு தாண்டி அடுத்த வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

*

மழையா, வெயிலா? மோஹிங்காவா, இட்லியா? இனிப்பா, காரமா? சட்டென்று பதில் சொல்லுங்கள்.
– மண்டலே வாசகி

மழை. மண்டலேக்காரர்களுக்கு இது புரியாது, உங்கள் ஊர் வறண்ட ஊர். ரங்கூனில் மே நடுவில் பிடித்தால் அக்டோபர் வரை விடாது, வருடத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர், சென்னையில் பெய்வதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. துணி காயாது, அப்பளம் நமுத்துப்போகும், சுவரில் பூஞ்சை ஏறும், அப்படியும் மழைதான்.

மோஹிங்கா ஞாயிறு, இட்லி வெள்ளி. கெளுத்தி மீன் போட்ட குழம்பை வெள்ளிக்கிழமை தொட முடியாதே.

இனிப்பும் காரமும் ஒன்றாக வேண்டும். சித்திரைப் பிறப்பும் பர்மியப் புத்தாண்டான திஞ்ஜானும் ஒரே நேரத்தில் வருகிற ஊரில் இருப்பவர்களுக்கு இது எளிது. காலையில் வீட்டில் வேப்பம்பூவும் வெல்லமும் போட்ட மாங்காய்ப் பச்சடி. தெருவில் இறங்கினால் தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் பெரிய வாணலியில் மொன் லோன் யே போ உருட்டிப் போடுகிறார்கள், உள்ளே பனைவெல்லம் வைத்த அரிசி மாவு உருண்டை, நம் கொழுக்கட்டைக்குத் தங்கச்சி. அதில் சிலதில் வெல்லத்துக்குப் பதில் மிளகாய் வைத்திருப்பார்கள், யாருக்கு மாட்டுகிறதோ அவர்கள் துள்ளுவார்கள். எனக்கு மூன்று வருடம் தொடர்ந்து மிளகாய்தான் வந்தது, முழுதாக மென்று விழுங்கினேன்.

*

காலையில் எழுந்தவுடன் முதலில் என்ன செய்வீர்கள்?
– பெகு வாசகி

கயிறு இறக்குவேன். ரங்கூன் நடுவூரில் மாடி வீடுகளில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப்போ பையோ இருக்கும், சிலர் வீட்டில் மேல் முனையில் மணி. செய்தித்தாள்காரர், பால்காரர் எல்லாரும் கீழே மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். எங்கள் வீடு நாலாவது மாடி. விடிகாலையில் பே பியோ விற்கிற அம்மா தலையில் தட்டோடு "பே பியோஓஓ" என்று இழுத்துக் கூவிக்கொண்டு வரும்போது பையில் காசைப் போட்டு இறக்குவேன், அவர் இலையில் சுற்றிய அவித்த பட்டாணியை வைத்துவிட்டு இரண்டு முறை சுண்டுவார். இழுக்கும்போதே சூடு வாசம் மேலே வரும். அதில் கொஞ்சம் எண்ணெய், வதக்கிய வெங்காயம், உப்பு, பக்கத்தில் சுடச்சுட நான் ரொட்டி. இருபத்தைந்து வருடமாக அவரிடம் வாங்குகிறேன், அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது நாலைந்து தடவைதான் இருக்கும், குரலை எங்கே கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

*

தூக்கிப் போட மனம் வராத பொருள் ஏதாவது?
– ரங்கூன் வாசகி

செல்லாத நோட்டு ஒன்று. எழுபத்தைந்து சாட் நோட்டு. அப்படி ஒரு நோட்டு இருந்தது என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள், மாற்றிக் கொடுக்கவும் இல்லை, அதே மாதம் 45, 90 என்று ஒன்பதால் வகுபடும் நோட்டுகள் வந்தன. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. என் கல்யாணத்துக்கு என்று அம்மா அரிசிப் பானைக்குள் துணியில் முடிந்து வைத்திருந்ததில் பெரும்பாலும் 75தான். அம்மா அழவில்லை. துணியை அவிழ்த்து நோட்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பி, கசங்கினதைக் கையால் நீவிவிட்டு, திரும்ப அடுக்கி, அப்பாவிடம் கொடுத்தாள். அதில் ஒன்றை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். சாமி அலமாரியில் விபூதி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது, மடிப்பில் இன்னும் இரண்டு அரிசித் தூசு ஒட்டியிருக்கிறது.

*

விட முடியாத பழக்கம் எது?
– பியாபோன் வாசகர்

உளுந்தைக் கண்டால் கை போய்விடும். என் வீட்டுக்காரர் பயின்னவுங் மொத்தச் சந்தையில் பருப்புத் தரகு பார்க்கிறவர், கல்யாணமான புதிதில் அவர் சட்டைப் பையைத் துவைக்க எடுத்தால் உளுந்து உதிரும். கூடவே இருந்து நானும் கற்றுக்கொண்டேன். ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, பருமன் பார்த்து, கட்டைவிரலால் தேய்த்துத் தூசி பார்த்து, ஒன்றைப் பல்லில் கடிக்க வேண்டும். நல்லாக் காய்ந்தது டக் என்று இரண்டாக உடையும், ஈரம் இருந்தால் நசுங்கும். சந்தையில் இதற்கு எஃப்ஏக்யூ, எஸ்க்யூ என்று இரண்டு தரம், எஸ்க்யூ பருமன் கூட, விலையும் கூட. இந்தியா வெளிநாட்டிலிருந்து வாங்குகிற உளுந்தில் பெரும்பங்கு நம் பர்மா உளுந்தான மட்பேதான். அதனால் சென்னையில் ஒரு மளிகைக் கடையில் திறந்து வைத்திருந்த மூட்டையில் கையை விட்டுவிட்டேன். கடைக்காரர் முறைத்தார். "எங்க ஊர் உளுந்துங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை, எனக்கு உறவுக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

சென்னையைச் சொன்னதும் இன்னொரு வாசகர் கேட்டது ஞாபகம் வருகிறது, பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிட்டீர்களா என்று. சாப்பிட்டேன். இங்கே அதோ என்றால் கையால் பிசைந்து கலந்தது எல்லாம் அதோ, இஞ்சி, தேயிலை, தக்காளி எதுவானாலும். அங்கே அது ஒரு நூடுல்ஸ் பண்டத்துக்கே பெயராகிவிட்டது, கூட வாழைத்தண்டு சூப்பும் கொடுக்கிறார்கள். இங்கிருந்து போனவர்கள் கையில் எடுத்துப் போனதில் மிஞ்சியது அது. ருசி வேறு, ஆனால் பிசைகிற கை நம் ஊர்க் கைதான், பார்த்த உடனே தெரிந்தது.

*

எதைக் கேட்டால் கோபம் வரும்?
– மோல்மேன் வாசகர்

"தமிழ் நல்லாப் பேசுறீங்களே!" இதைக் கேட்டால். சொல்கிறவர்கள் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் என் தாய்மொழியை நான் பேசுவதற்கு எதற்குப் பாராட்டு? இதற்கு அடுத்த கேள்வி தயாராக இருக்கும், "எப்போ பர்மா போனீங்க?" நான் போகவில்லை, என் கொள்ளுத் தாத்தா மதராசில் கப்பல் ஏறினார், நான் இங்கே பிறந்தவள், என் அம்மாவும் இங்கே பிறந்தவள்.

இந்தப் பக்கமும் ஒன்று உண்டு. நாற்காலிக்கு பர்மியத்தில் கலா தைங், கடலைப் பருப்புக்குக் கலா பே. அந்தச் சொற்களை நானே நாள் முழுக்கச் சொல்கிறேன், அதில் எனக்கு ஒன்றும் இல்லை. அதே முதல் பாதியை, இந்தியர்களைக் குறிக்கிற அந்தக் கலாவை மட்டும் எடுத்துத் தெருவில் ஒருவரைப் பார்த்து வீசும்போது வலிக்கும். பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பையன் கூப்பிட்டபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பர்மியத் தோழி எழுந்து போய் அவன் சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் சனிக்கிழமை, நாகம். இன்றைக்கும் என் நெருங்கிய தோழி.

*

எந்த மொழியில் யோசிக்கிறீர்கள்?
– ரங்கூன் கல்லூரி மாணவர்

காசு எண்ணுவது பர்மியத்தில். போன் நம்பர் பர்மியத்தில். சாமி கும்பிடுவது, திட்டுவது, குழந்தையைக் கொஞ்சுவது தமிழில். கனவில் அம்மா வந்தால் தமிழில் பேசுவாள், நான் பர்மியத்தில் பதில் சொல்வேன், அம்மா அதற்கு ஒன்றும் சொல்வதில்லை.

எடை மட்டும் வேறு. இந்த நாட்டில் இன்னும் வீசைதான், நூறு சாத்தா சேர்ந்தால் ஒரு வீசை, கிலோவில் 1.63. பர்மியர்கள் பெய்த்தா என்பார்கள், ஆங்கிலப் புத்தகங்களில் இதற்குப் போட்டிருக்கும் பெயர் நம் வீசையிலிருந்து போனதுதான். காரைக்குடிச் சந்தையில் நான் பழக்கத்தில் "கத்தரிக்காய் ஒரு வீசை போடுப்பா" என்றேன், அந்தப் பையன் அப்படி ஒரு காய் இருக்கிறதா என்பது போலப் பார்த்தான். பக்கத்தில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு ஆத்தா நிமிராமலே, "ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறையப் போடுடா" என்றார். அவர் சொன்னது பழைய தமிழ்நாட்டு வீசை, நாற்பது பலம், ஒரு கிலோ நானூறு. என் வீசை அதை விடப் பெரிது. ஆனால் அந்தச் சந்தையில் அந்தச் சொல் தெரிந்த இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம், அவர் என்னை நிமிர்ந்து பார்த்து "பர்மாவா?" என்று கேட்டார்.

*

அக்கா, எனக்குப் பத்தொன்பது வயது. கோயிலில் நடக்கும் மாலைத் தமிழ் வகுப்புக்குப் போகிறேன். போன வாரம் ஆசிரியர் ஒவ்வொருவரையும் எழுப்பி, உன்னைப் பற்றி ஐந்து நிமிடம் தமிழில் பேசு என்றார். பெயர், ஊர், அப்பா தொழில், தாத்தா கப்பலில் வந்தது, நாலு வரியில் முடிந்துவிட்டது. எனக்கு முன்னால் பேசிய ஆறு பேரும் அதையேதான் சொன்னார்கள். என்னைப் பற்றிச் சொல்ல எதுவுமே இல்லையோ என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.
– பெகு பக்கத்துக் கிராமத்துத் தங்கை

தங்கச்சி, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மற்ற எல்லாக் கடிதத்துக்கும் ஒரு பகலில் பதில் எழுதிவிட்டேன், உனக்கு எழுதத்தான் இரண்டு நாள் ஆனது.

நீங்கள் ஏழு பேரும் ஒன்றையே சொன்னதில் தப்பு இல்லை. நம் பெரிய கதை எல்லாருக்கும் ஒன்றுதான். கப்பலில் வந்தார்கள், 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது, அடுத்த வருடம் பாதிப் பேர் காட்டு வழியாக நடந்தார்கள், 1964இல் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சப் பேரில் பலர் கப்பல் ஏறினார்கள், தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பர்மா காலனி வந்தது, திரும்பி நடந்து வர நினைத்தவர்கள் மணிப்பூர் எல்லையில் மோரேயில் நின்றார்கள். இதை நீ தெரிந்து வைத்திருக்க வேண்டும், கட்டாயம். ஆனால் இதைச் சொன்னால் நீ யார் என்று எனக்குத் தெரியாது, உன் சனம் எது என்றுதான் தெரியும்.

நானும் சில வருடம் இப்படி ஒரு வகுப்பு எடுத்திருக்கிறேன். ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று, பேசவே பேசாது. அதை எழுப்பி உன்னைப் பற்றிச் சொல் என்றேன். ரொம்ப நேரம் பாவாடையைத் திருகிக்கொண்டு நின்றது. அப்புறம், "எனக்குப் போர்வைக்கு வெளியே ஒரு கால் இருந்தாத்தான் தூக்கம் வரும்" என்றது. ஒரே ஒரு கால்தானா என்று கேட்டேன். "ஆமா, இடது கால். வலது காலை ஆச்சி பிடிச்சிருப்பாங்க." அவ்வளவுதான், வகுப்பு முழுக்கக் கை தூக்க ஆரம்பித்துவிட்டது. ஒருத்தன் தலையணையைத் திருப்பிப் போட்டுக் குளிர்ந்த பக்கத்தில்தான் படுப்பானாம், ஒருத்தி பூனை சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாளாம். அன்றைக்கு அவர்கள் பேசிய தமிழை அதற்கு முன் ஒரு வருடத்தில் நான் கேட்கவில்லை. அந்த ஆச்சி இன்றைக்கு இல்லை. அந்தப் பெண்ணை எப்போது பார்த்தாலும் எனக்கு அந்த ஆச்சியின் கை ஞாபகம் வரும், நான் அவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அதனால் அடுத்த முறை உன்னை எழுப்பினால் காலையில் சாப்பிட்டதிலிருந்து ஆரம்பி. உங்கள் வீட்டில் சாம்பாருக்குப் புளி யார் கரைப்பார்கள்? கன்னத்தில் பூசத் தனக்கா மரக்கட்டையை அரைக்கிற கல்லும் சந்தனக் கல்லும் தனித்தனியா, இல்லை எங்கள் வீட்டைப் போல ஒரே கல்லில் இரண்டும் அரைக்கிறீர்களா? கன்னத்தில் தனக்கா போட்ட பிறகு பொட்டு வைப்பாயா, அதற்கு முன்பா? எந்தச் சத்தம் கேட்டால் விழிப்பு வரும்? ராத்திரி கரண்டு வந்ததும் தெருப் பிள்ளைகள் எல்லாம் "மீ லா பி" என்று கத்தும்போது நீ முதலில் எதற்கு ஓடுவாய், தண்ணீர் மோட்டாருக்கா, போன் சார்ஜருக்கா? நான் மோட்டாருக்கு ஓடுவேன், என் மகள் சார்ஜருக்கு.

இதற்குப் பெரிய தமிழ் எதுவும் வேண்டாம். பே பியோவுக்கும் மோஹிங்காவுக்கும் தமிழ்ப் பெயர் தேடி நிற்காதே, அப்படியே சொல், அவை நம் வீட்டுச் சொற்கள்தான். தப்பாகப் பேசுகிறாய் என்று யாராவது திருத்தினால் திருத்திக்கொள், நிறுத்தாதே. முதலில் ஒரு காகிதத்தில் உனக்குப் பிடிக்காத மூன்று பொருளை எழுது. பிடித்ததைச் சொல்ல எல்லாரும் யோசிப்பார்கள், பிடிக்காதது உடனே வந்துவிடும். எனக்கு: வாழைப்பழம் கருத்த வாசம், ஈர லுங்கி காலில் ஒட்டுவது, சாப்பிடும்போது யாராவது மணி கேட்பது.

எழுதி அனுப்பு, தங்கச்சி. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

*

எல்லாரும் உங்களைக் கேட்டுவிட்டோம். அடுத்த இதழில் நீங்கள் எங்களைக் கேட்பீர்களா?
– மேமியோ வாசகி

இதற்குத்தான் காத்திருந்தேன். கேட்கிறேன். டீ எப்படி, ச்சோவா போவா? வீட்டில் என்ன செல்லப் பெயர், யார் வைத்தது? காய்கறி வாங்கும்போது எந்த மொழியில் பேரம்? தூக்கிப் போடாமல் வைத்திருப்பது என்ன, எங்கே வைத்திருக்கிறீர்கள்? எந்தக் கிழமை?

ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள், கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை. கிழமை தெரியாதவர்கள் அம்மா இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். மணியும் கேளுங்கள், அந்த நேரத்தில் வெளியே என்ன சத்தம் கேட்டது என்றும் கேளுங்கள்.